கட்டைவிரல் விழுந்த பக்கங்கள்

எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகள் என் வகுப்புத் தோழி. தோழியின் அம்மா எப்படி அக்கா ஆவார் என்று முறை பார்க்க யாருக்கும் நேரமில்லை. கடையில் ஒரு முக்காலி உண்டு, வருகிறவர்களுக்கு. அக்கா காலையிலிருந்து கடை மூடும்வரை வீங்கிய காலோடு நின்றுகொண்டே இருப்பார்.

மருந்தியல் புத்தகத்தின் விலை எல்லோர் கையையும் கடித்தது. முன்னால் படித்தவர்களிடம் வாங்கலாமென்றால், வருஷா வருஷம் அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் புதுப் பதிப்பு என்பார்கள். எங்கள் வகுப்பில் விலை கொடுத்து வாங்கிய புத்தகம் ஒன்றே ஒன்று, அக்காவின் மகளுடையது. அதிலிருந்துதான் மற்ற எல்லோருக்கும் நகல்.

"தப்புதான்டி, எழுதினவங்க வயித்துல அடிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே போட்டுத் தருவார். சொல்லாமல் ஒரு நாளும் தந்ததில்லை.

மற்ற புத்தகங்கள் என்றால் முதுகை வெட்டித் தாள்தாளாக்கிவிடுவார். இதை மட்டும் வெட்டவில்லை. "நான் படிச்சதெல்லாம் அடுத்தவங்க கிழிச்சுப் போட்ட புத்தகம். இவளாவது முழுசா ஒண்ணு வச்சுப் படிக்கட்டும்." ஓரத்தைப் பிடித்து அழுத்தியே எடுத்தார். அதனால் எங்கள் நகலில் பக்க எண் இருக்கவேண்டிய மூலையெல்லாம் அக்காவின் கட்டைவிரல்தான் இருந்தது.

பரீட்சையில் பெரிய கேள்வியை வகுப்பே விட்டுவிட்டு வந்தது. எழுதியவள் அக்காவின் மகள் ஒருத்திதான். பிறகுதான் புரட்டிப் பார்த்தோம். எங்கள் நகலில் இரண்டு பக்கம் இல்லை. எண் இல்லாததால் பக்கம் விட்டுப்போனது தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டோம். ஒழுங்காகப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும், அது வேறு விஷயம்.

"வேணும்னே விட்டிருப்பாங்க. தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம்." இதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. மதியத்துக்குள் வகுப்பு முழுக்க அதையே சொன்னது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அவள் நேராகக் கடைக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"வேணும்னே விட்டியாம்மா?"

அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "கால் வலியில ரெண்டு தாளச் சேர்த்துப் புரட்டிட்டேன்டி. சத்தியமா." நாங்கள் கையிலிருந்த நகலைப் புரட்டிக்கொண்டு நின்றோம். நான் பேசியிருக்கலாம்.

அக்கா கத்தியை எடுத்தார். "வேணாம்மா" என்று மகள் கையைப் பிடிப்பதற்குள் புத்தகத்தின் முதுகு தனியாக வந்துவிட்டது. விட்டுப்போன இரண்டு பக்கத்தையும் எல்லோருக்கும் எடுத்து அடுக்கிவைத்தார். இந்த முறை மூலையில் விரல் இல்லை.

"அடுத்த பருவத்துப் புத்தகம் வந்ததும் மொதல்ல வெட்டிடும்மா. எனக்கும் நகலே போதும்" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போனாள்.

அக்கா அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன். அடுக்கிலிருந்து என் இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.