கால் கழுவுகிற மெஷின்

கழுவுவதற்கென்றே செய்த ஒரு சாமானைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் ஏழாவது மாடி வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அதற்குத்தான் முதல் மரியாதை. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். பழைய பனியன் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மூடியையும் இருக்கையையும் துடைக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் சுண்டுவிரல் பருமன் குழாயை மெல்ல வெளியே இழுத்து, பல் துலக்கித் தேய்ந்த பிரஷால் அதன் துளைகளைத் தேய்க்க வேண்டும். பிளீச், பினாயில், கம்பி நார் எதுவும் ஆகாது. நானோ தென்னந்துடைப்பமும் வாளியுமாகக் கக்கூஸுக்குள் புகுந்து, கூரை தவிர மற்றதெல்லாம் நனைந்தால்தான் சுத்தம் என்று வளர்ந்தவள். குழந்தைக்கு முகம் துடைப்பது மாதிரி நான் இதைத் துடைப்பதை என் அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

இது ஜப்பான் சாமான். கக்கூஸின் மேல் மாட்டிவிட்டால் போதும். உட்கார்ந்தபடியே பக்கத்திலிருக்கும் பட்டனை அழுத்தினால் வெதுவெதுப்பான தண்ணீர் பீய்ச்சும், இன்னொன்றை அழுத்தினால் சூடான காற்று வந்து உலர்த்திவிடும். காகிதத்தால் துடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் நாம். தண்ணீர் இல்லாமல் முடியாது என்று நினைக்கிற ஆட்கள் ஜப்பானிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அவர்கள் சொந்தக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள்.

இது எங்கள் வீட்டுக்கு வந்த கதை சிரிப்புக் கதை இல்லை. என் வீட்டுக்காரர் சவேரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கப்பல் பட்டறையொன்றில் வெல்டராக இருந்தார். தினமும் கம்பெனி பஸ்ஸில் ஜூரோங்குக்குப் போய்வருவார். ஒருநாள் வேலையில் தீப்பிடித்து இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிர் பிழைத்தது மாதா புண்ணியம். ஆனால் புண் ஆறியபோது விரல்கள் உள்ளே சுருண்டுவிட்டன, மணிக்கட்டும் திரும்பவில்லை. இடது கையில் இரண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. அதை வைத்துக் கரண்டி பிடிப்பார், கதவைத் திறப்பார். கால் கழுவ மட்டும் முடியாது. நம்மூரில் கால் கழுவுவது என்றால் எதைக் கழுவுவது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கழுவிவிட்டேன். கட்டிய பெண்டாட்டிக்கு அதில் என்ன அருவருப்பு? எனக்கு இல்லை, அவருக்குத்தான் செத்துப்போகிற மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளில் சாப்பாடு குறைந்தது. மீன் குழம்பு கொதிக்கும்போதே அடுப்படிக்கு வந்து நிற்கிற மனிதர், இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டு "பசிக்கல" என்பார். டாக்டரிடம் போகலாம் என்று நான் பிடுங்கி எடுத்ததில் ஒருநாள் வெடித்துவிட்டார்.

"சாப்பிட்டா போகணும். போனா உன்னக் கூப்பிடணும். இது கூடவா புரியல உனக்கு?"

இந்த மனிதர் வெட்கத்திலேயே பட்டினி கிடந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அப்போது நான் ஒரு ஜப்பானிய எஞ்சினியர் வீட்டில் கூட்டித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் இங்கிலீஷையும் என் இங்கிலீஷையும் கூட்டினாலும் ஒரு ஆளுக்குத் தேறாது. முதல் நாள் அவர்கள் கக்கூஸில் இந்த மெஷின் மேல் வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றப்போனேன். "நோ, நோ!" என்று அலறி ஓடிவந்து வாளியையே கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு தானே மண்டியிட்டு உட்கார்ந்து துடைத்துக் காட்டினார். அவர்கள் ஊர் திரும்பும்போது, வீட்டில் உனக்கு எது வேண்டும் என்று சைகையில் கேட்டார். பிரிட்ஜைக் கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் அவரைக் கக்கூஸுக்குக் கூட்டிப்போய், என் விரல்களைச் சுருட்டிக் காட்டி, "ஹஸ்பண்ட். ஹேண்ட் கேனாட்" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். அப்புறம் ஆளை வரவழைத்து அதைக் கழற்றி, போர்வையில் சுற்றி, கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டியோடு டாக்சியில் ஏற்றிவிட்டார். மகராசி எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

எங்கள் வீட்டில் இருந்ததோ குந்தி உட்காரும் கக்கூஸ். அதைப் பெயர்த்து உயரமானது வைக்க ஆ செங் என்ற சீனக் குழாய்க்காரரைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், திஸ் ஒன் லெக் வாஷ். மை ஹஸ்பண்ட் ஹேண்ட் கேனாட்."

அவர் மெஷினைப் புரட்டிப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். "லெக் வாஷ், ஒய் மஸ்ட் சிட்? ஸ்டாண்ட் கேன் லா." சுவரில் முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினார். "ஹியர் புட் பைப். ஈஸி."

"நோ அங்கிள். சிட் டவுன், லெக் வாஷ்!"

"யா, யா, லெக் வாஷ்" என்று அவர் பென்சிலை எடுத்துச் சுவரில் குறிபோட ஆரம்பித்துவிட்டார். எனக்கோ வேறு வார்த்தை வாயில் வரவில்லை. வந்தாலும் ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? அப்போது கூடத்தில் மூலையே கதி என்று கிடந்த என் வீட்டுக்காரர் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்:

"அங்கிள்! நாட் லெக் லா! பேக்சைட்! பேக்சைட் வாஷ்!"

ஆ செங் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "அய்யா! பேக்சைட்! தென் ஒய் யூ சே லெக்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னிடம்கூடச் சொல்லக் கூசிய விஷயத்தை ஏழாவது மாடி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார் மனிதர்.

அதன்பிறகு முழங்கையால் பட்டனை அழுத்தித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார். கன்னத்தில் சதை வைத்தது. பட்டறையிலும் கைவிடாமல், பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். ஒருமுறை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய வாரத்தில் துரு வந்து அடைத்து, மெஷின் நின்றுபோனது. அன்று மத்தியானமே "பசிக்கல" என்றார். குழாயை மூடி, வடிகட்டியைக் கழற்றி அலசி, திரும்ப மாட்டி, பதற்றத்தில் குனிந்து பார்த்தபடியே பட்டனை அழுத்தினேன். தண்ணீர் நேராக என் முகத்தில் அடித்தது. "மாதாவே, நன்றி!" என்று கத்திவிட்டேன். சனிக்கிழமை துடைப்பு எனக்குப் பக்தியாக ஆனது அதற்குப் பிறகுதான்.

எம்ஆர்டி ரயிலுக்காகத் தோ பாயோவைத் தோண்டிக்கொண்டிருந்த வருஷம், அவர் தங்கை பிலோமியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? ஊருக்குப் போனோம். தங்கை வீட்டில் அந்த மெஷின் ஏது? நான் வாளியோடு பின்னால் போக வேண்டியிருந்தது. அவர் மறுபடியும் வயிற்றைக் கட்டிவிட்டார். பிலோமி அயிலைக் குழம்பு, வறுத்த நெத்திலி என்று அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறினாள். அவர் தொட்டுவிட்டு நகர்த்தினார்.

"ஏண்ணே, எங்க வீட்டுச் சோறு எறங்கலையா? சிங்கப்பூர் நாக்கு ஆயிருச்சோ?"

"வயிறு சரியில்ல தாயி."

அவள் நம்பவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டார். கிளம்புகிற அன்று கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பாவில் அடைத்து என் கையில் திணித்தாள். "பிடிக்காட்டித் தூக்கிப் போட்டுருங்க மைனி" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதுகொண்டேதான் வண்டியில் ஏறினேன்.

தோ பாயோ வந்து சேர்ந்த அன்று, பெட்டியைப் பிரிப்பதற்குள் சோறு வடிக்கச் சொன்னார். தொக்கு டப்பாவைத் திறந்ததும் வீடெல்லாம் தூத்துக்குடி வாசம். கரண்டியை இரண்டு விரலால் இடுக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டார். தட்டு காலியாகக் காலியாக நான் போட்டுக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வை, பிலோமி."

நான் திருத்தவில்லை. வைத்தேன்.