பேசாத பெண்ணைப் பார்க்க வந்தவர்கள்

அந்தக் காலத்தில் நான் நல்ல பெண் என்று பெயர் எடுத்திருந்தேன். அதற்காக நான் செய்த ஒரே காரியம் வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

அதற்கு முந்திய வருடத்துச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை விழுந்து, அம்மாவும் நானும் அடியில் மாட்டிக்கொண்டோம். விடியும்வரை கத்தினேன். காற்றின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மாவின் கை என் கைக்குள்ளேயே சில்லிட்டுப் போனது. அதன் பிறகு கத்துவதற்கும் பேசுவதற்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா முன்பே போய்விட்டதால், சிகடோகா ஆற்றோரம் காய்கறி பயிரிட்ட மாமா என்னை அழைத்துக்கொண்டார். கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பிய அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். பேய்க்கும் பேச்சுத் துணை இல்லை.

எனக்குப் பதினாலு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நவுவாவிலிருந்து பஸ்ஸில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்னைப் போல் இரண்டு மடங்கு வயது இருக்கும். மாமா லேசாக மயக்கம் தரும் நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் கொட்டாங்குச்சியில் வார்த்துக் கொடுக்க, ஆண்கள் முறைப்படி கை தட்டிவிட்டுக் குடித்தார்கள்.

"பொண்ணு பேச மாட்டாளாமே?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"தூபான் காத்து அடிச்சதுக்கு அப்புறம் பேச்சு இல்ல," என்று மாமா இழுத்தார்.

"அதுவும் நல்லதுதான். எதுத்துப் பேச மாட்டா. ஆனா ரொம்பச் சின்னதா தெரியுதே?"

"இவ இந்த வூட்டுக்கு வந்தப்ப பதிமூணு," என்று மாமா டீ கொண்டுவந்த அத்தையைக் காட்டினார். "ஒரு வார்த்த முணுமுணுத்தது இல்ல."

அத்தை தலை நிமிராமல் டீக் கோப்பைகளை அடுக்கினாள்.

கூட வந்த பெரியவர், "எதுக்கும் பொண்ண ஒரு வார்த்த கேட்டுடுங்க," என்றார்.

"அவளுக்குச் சம்மதந்தான்," என்றார் மாமா, நங்கோனாவை வார்த்தபடியே.

என் பதிலையும் அவரே சொல்லிவிட்டதைக் கேட்டதும் கூரை மறுபடியும் என்மேல் இறங்குவது போல இருந்தது. தொண்டையிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எனக்கு வேணாம். நான் போவல."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. மாப்பிள்ளையின் தாய், சந்தையில் மாடு வாங்கி ஏமாந்தவளைப் போல, "பேசாதுன்னீங்களே," என்று மாமாவிடம் கேட்டுவிட்டு எழுந்தாள். அவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே மாமா பஸ் வரைக்கும் ஓடினார்.

அத்தை என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மாமாவின் அடி பழகிய அடி. அத்தை அதுவரை அடித்ததில்லை என்பதால் அளவு தெரியவில்லை.

"என்ன சொன்ன?"

சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னேன். அத்தையின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. பேய் ஓட்ட ஏதோ மந்திரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு தரம்," என்றாள்.

அடி எப்போது விழும் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு, மூன்றாம் தரமும் சொன்னேன்.