சேர்த்துப் போட்ட எடை

மாரீஸ்வரி நன்றாகச் சாப்பிடுகிறவள். இதைச் சொல்ல அவளும் கூச்சப்பட்டதில்லை, அவளைப் பெற்றவர்களும் கூச்சப்பட்டதில்லை. திருச்சுழிக்குத் தெற்கே பருத்தியும் மல்லியும் விதைக்கிற வீடு அது. காட்டு வேலை முடிந்து வந்தால், ஒரு கும்பா கம்மஞ்சோற்றைக் கருவாட்டுக் குழம்போடு காலி செய்த பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுவாள். பெண் பார்க்க வந்த அன்று, மீந்த கேசரியை அவள் அடுப்படியில் நின்றபடி வழித்துச் சாப்பிட்டதை, கை கழுவப் போன ஜெயபாண்டி ஜன்னல் வழியே பார்த்துவிட்டான். அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவன். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அங்கேயே சொல்லிவிட்டான்.

ஆறு வருஷம் கழித்து இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பத்து நிமிஷம் முந்தியவள் பிரவீணா, பிந்தியவள் ப்ரியா. வீட்டில் அவர்கள் பெரியவள், சின்னவள். இருவருக்கும் தாய்ப்பால்தான். மாரீஸ்வரியும் அதற்குத் தக்கபடி மூன்று மாசம் குறைவில்லாமல் சாப்பிட்டாள்.

வினை பஸ்ஸில் வந்தது. பிள்ளைகளை அடுத்த வீட்டிலிருக்கும் புருஷனின் அக்கா முத்துலட்சுமியிடம் விட்டுவிட்டு, திருச்சுழியில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல், தலை நிறையப் பூ, முன்னால் தள்ளிய வயிறு. ஒரு பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரும்மா, பிள்ளத்தாச்சி நிக்கக் கூடாது. எத்தன மாசம்?"

உண்மையைச் சொன்னால் இடம் போய்விடும். அருப்புக்கோட்டை வரைக்கும் யார் நிற்பது?

"எட்டு" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். ஊர் வந்து சேரும் வரை அவளுக்கு உள்ளுக்குள் கொதித்தது.

மறுநாளே விரதம் தொடங்கிவிட்டது. காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரிக்கு வெந்நீர். நன்றாகச் சாப்பிடுகிறவள் சாப்பிடாவிட்டால் கேள்வி வருமல்லவா? முத்துலட்சுமி காரணம் கேட்டாள்.

"பிள்ளைகளுக்குச் சளி கட்டுன மாதிரி இருக்கு மதினி. பத்தியம் இருக்கேன்."

பத்தியம் என்ற சொல்லுக்கு முத்துலட்சுமி வீட்டில் மறுபேச்சே கிடையாது. தாய் வாயைக் கட்டினால் பிள்ளைக்குச் சளி கரையும் என்று நம்புகிறவள். அன்றிலிருந்து தயிரை நிறுத்தினாள், வாழைப்பழத்தை நிறுத்தினாள், கடலையை ஒளித்து வைத்தாள், மூன்றாம் நாள் முட்டையும் போயிற்று. மாரீஸ்வரி தோண்டியது சின்னக் குழிதான், மதினி அதைக் கிணறாக்கிவிட்டாள்.

வீட்டின் முன்பக்கம்தான் கடை. மூட்டை நிறுக்கிற தராசில் மாரீஸ்வரி தினமும் ஏறிப் பார்த்தாள். ஒரு மாசத்தில் மூன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. பழைய ஜாக்கெட்டில் மூன்று கொக்கி மாட்ட முடிந்த நாளில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். தலை கிறுகிறுத்தது வேறு விஷயம்.

பிள்ளைகளையும் அதே தராசில்தான் நிறுத்தார்கள். மூட்டைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று, இரண்டிரண்டாகத் தூக்கி வைத்துப் பாதியாக்குவது ஜெயபாண்டியின் வழக்கம். அன்னக்கூடையில் பழைய வேட்டியை விரித்து, இரண்டு பேரையும் தலைமாற்றிப் படுக்க வைத்துத் தூக்கி வைத்தான். போன மாசம் ஒன்பது கிலோ, இந்த மாசம் ஒன்பது எண்ணூறு.

"ஆளுக்கு நானூறு கிராம் ஏத்தம்! என் புள்ளைகளுக்கு என்ன கொற?" என்று மீசையை நீவிக்கொண்டான். இதைக் கேட்ட மாரீஸ்வரிக்கு, இருந்த கொஞ்ச உறுத்தலும் போய்விட்டது.

பெரியவள் பசித்தால் தெருவையே கூட்டிவிடுவாள். அதனால் பால் எப்போதும் அவளுக்குத்தான் முதலில். சின்னவள் லேசாக முனகுவாள், கிடைத்ததைக் குடிப்பாள், தூங்கிவிடுவாள். சமத்துப் பிள்ளை என்று வீடே அவளைக் கொண்டாடியது.

நாலாம் மாசம் நர்ஸ் தங்கத்தாய் வீடு தேடி வந்தாள். கையோடு கொண்டுவந்த தொங்குதராசில் பிள்ளைகளைத் தனித்தனியாகப் போட்டாள். பெரியவள் ஐந்து அறுநூறு. சின்னவளைப் போட்டுப் பார்த்துவிட்டு, எடுத்து, மறுபடியும் போட்டாள்.

"போன மாசம் ஊசி போட்டப்ப நாலு இருநூறு. இன்னைக்கும் அதே நாலு இருநூறு."

"கடைத் தராசுல நல்லா ஏறியிருந்துச்சே சிஸ்டர்!" என்றான் ஜெயபாண்டி.

"தனித்தனியா போட்டீங்களா?"

அவன் அன்னக்கூடையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா சின்னவ ரொம்பச் சமத்து சிஸ்டர், அழுகவே மாட்டா" என்றாள் முத்துலட்சுமி.

"சமத்தில்லக்கா. அழுக அதுக்குத் தெம்பில்ல." தங்கத்தாய் மாரீஸ்வரியைப் பார்த்தாள். "நீ என்னம்மா சாப்பிடுறே?"

"பத்தியம் இருக்கா சிஸ்டர், பிள்ளைகளுக்குச் சளின்னு" என்று அதற்கும் முத்துலட்சுமிதான் முந்திக்கொண்டாள்.

மாரீஸ்வரி சின்னவளைப் பார்த்தாள். தன் பிள்ளையைத் தானே பட்டினி போட்டிருக்கிறாள். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல மதினி. பஸ்ஸுல ஒருத்தி என்னைய மாசமா இருக்கியான்னு கேட்டுட்டா. அதான் பொய் சொன்னேன்."

"அடிப்பாவி! நான் முட்டையக்கூட நிறுத்துனேனேடி!" முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றே டாக்டரிடம் போனார்கள். பிள்ளைக்கு வேறு நோவு எதுவும் இல்லை, சின்னவளுக்கு முதலில் கொடுங்கள், அடிக்கடி கொடுங்கள், வாரம் ஒரு முறை தனியாக எடை பாருங்கள் என்றார். "ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தா உடம்பு தன்னால எறங்கும். வயித்தக் காயப்போடாத, மெதுவா எறங்கட்டும்" என்று தங்கத்தாயும் சொல்லி அனுப்பினாள்.

முத்துலட்சுமி பழியைத் தீர்ப்பவள் மாதிரி சமைத்தாள். காலையில் நாலு இட்லியும் முட்டையும், பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. மாரீஸ்வரி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். முதல் வாரம் சின்னவள் ஏறியது நூறு கிராம்தான். அன்று மாரீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் தண்ணீரைக் குடித்து இறக்கினாள்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே தொட்டிலிலிருந்து வீடு அதிர ஒரு அழுகை கிளம்பியது.

"ஏ மாரி, பெரியவ கத்துறா பாரு!" என்று ஜெயபாண்டி கடையிலிருந்து குரல் கொடுத்தான்.

பெரியவள் முத்துலட்சுமியின் மடியில் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரியும் முத்துலட்சுமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரீஸ்வரி சோற்றுக் கையோடு ஓடினாள்.

முகம் சிவக்க, காலை உதைத்துக்கொண்டு சின்னவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"கத்து ஆத்தா, நல்லாக் கத்து" என்று மாரீஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். அவளை இடது கையால் வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முத்துலட்சுமி பெரியவளை இடுப்பில் இடுக்கியபடி தட்டைக் கொண்டுவந்து, சோற்றை உருட்டி மாரீஸ்வரி வாயில் வைத்தாள். சின்னவள் மடக் மடக்கென்று இழுத்துக் குடிக்கிற சத்தம் இருவருக்கும் கேட்டது.