ஆளுக்குத் தக்கன

காலை ஆறு நாற்பதுக்கு மகளின் குரல் பதிவு வந்தது. "அம்மா, பெரிய செட்டை அனுப்பி வச்சிருக்க. ஆளுக்குத் தக்கனன்னுதானே சொன்னேன்? சரி விடு, இதையே மாட்டிட்டு எறங்குறேன். அலை நல்லா வருது." பின்னால் கடல் இரைந்தது. உடனே கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது.

அவள் சென்னைக்குத் தெற்கே, கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தருகிறாள். அருப்புக்கோட்டையில் இதைச் சொன்னால், "கப்பல்லயா வேலை?" என்பார்கள். பலகையின் அடியில் மீன் துடுப்பைப் போல மாட்டுவதற்கு ஃபின் என்று பெயர். தீபாவளிக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு செட்டைப் பரப்பி எனக்கு விளக்கினாள். பெரியது தண்ணீரை இறுகப் பிடிக்கும். பலகை நேராக ஓடும், சட்டென்று திரும்பாது. சின்னது லேசாக வழுக்கும், வளைந்து விளையாடலாம். எடை கூடியவருக்குப் பெரியது, தன்னைப் போல ஒல்லியானவருக்குச் சின்னது என்றும் ஏதோ சொன்னாள். எனக்கு 'இறுகப் பிடிக்கும்' என்பது மட்டும் தங்கிவிட்டது. இரண்டையும் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

பலகையில் மாட்டியிருந்தது உடைந்துவிட்டது, ஒரு செட் அனுப்பு என்று அவள் கூப்பிட்டபோது நான் திருச்சுழியில் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எது என்று கேட்டேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "ஆளத்துக்குத் தக்கன" என்று காதில் விழுந்தது. எங்கள் பக்கம் ஆழத்தை ஆளம் என்றுதான் சொல்வோம். கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு மேல் பார்க்காதவள் நான். கடலின் ஆழத்துக்கு எது தக்கன என்று யோசிக்கவே இல்லை. பெரியதைத் துண்டில் சுற்றி, சென்னை பஸ்ஸில் பார்சல் போட்டேன்.

"போனை உத்துப் பாத்தா கடல் வத்திருமா?" என்றார் என் கணவர். "அது என்ன டவுன் பஸ்ஸா, நெனச்ச எடத்துல எறங்க? வருவா."

மதியம் அவளுடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது கூட வேலை பார்க்கும் பெண். "ஆன்ட்டி, போர்டு மட்டும் தனியா கரைக்கு வந்துச்சு. அவள..." இணைப்பு அறுந்தது.

மறுபடி கிடைப்பதற்குள் எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தேனாம். அந்த வாக்கியத்தின் மீதி இதுதான்: அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், தொடையில் தையல். அலை மடங்கி விழும்போது பலகை திரும்பவில்லை. கவிழ்ந்ததில் ஃபின்னின் விளிம்பு கிழித்திருக்கிறது. காலில் கட்டிய கயிறு அறுந்து பலகை முன்னால் போய்விட்டது. அவள் நீந்திக் கரை சேர்ந்திருக்கிறாள்.

மீதி தெரிந்த பிறகும் எனக்கு முதல் பாதிதான் கேட்கிறது. ஆபீசில் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், பொட்டல் வெயிலில் பஸ் போகையில், ஆளில்லாத பலகை ஒன்று கரைக்கு வருகிறது.

புறப்படுகிறோம் என்றோம். "வராதீங்க, நானே வாரேன்" என்றாள். அந்த வாரக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் அப்பா பையை வாங்கிக்கொண்டார். நான் அவள் கையைப் பிடித்தேன். விடவில்லை போலிருக்கிறது.

"அம்மா, வலிக்குது, விடு" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "தையல் பிரிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்புறம் போவேன். அழுறதெல்லாம் இப்பவே அழுதுரு."