படகில் இடம் விடாதவர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் கடையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். நரைத்த கொண்டை, கையில் ஆம்பிளை மணிக்கூடு. கதைக்கும்போதெல்லாம் குடையால் தரையைக் குத்துவார்.

நானும் சிநேகிதனும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் சுற்றிவரத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நெடுந்தீவில காத்தும் குதிரையும்தானாம். ஆக்களே இல்லையாம்" என்றான் சிநேகிதன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த அவர் குடையை ஓங்கிக் குத்தினார்.

"ஆர் சொன்னது? நான் நெடுந்தீவுதான். போன மாசம் என்ர மகள், நிறைமாதப் பிள்ளைத்தாச்சி, நோவோட ஆசுபத்திரிக்குப் போகத் துறையில நிண்டவள். படகு முழுக்க உங்களைப்போல படமெடுக்க வந்த ஆக்கள். ஒருத்தரும் இடம் விடேல்லை. பிறகு காத்து எழும்பி அடுத்த படகு ஓடேல்லை. வயித்துப்பிள்ளை தப்பேல்லை."

சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நாங்கள் வரவேண்டாமோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஆர் வரவேண்டாமெண்டது?" என்று கத்தினார். "சனி ஞாயிறில்லாம, சனம் குறைஞ்ச கிழமை நாளில வாங்கோ. வந்தா ஓடிப்போகாம ஒரு இரவு தங்குங்கோ. எங்கட வீட்டில சாப்பிடுங்கோ!"

பெயரையோ வீட்டையோ சொல்லாமல் காலி நகருக்குப் போகும் பெருவீதியில் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் பயணத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம். அவ்வளவு கோபத்தோடு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர் வேறு எவருமில்லை.