கல்யாணப் பாட்டில் ஒரு சொல்

காலையில் தறியில் உட்கார்ந்தவர் நாடாவைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்த உமாபதி பஸ் பிடித்துப் பிள்ளையார்பாளையம் வந்து சேர்வதற்குள் அப்பாவைக் கூடத்தில் கிடத்தி, விபூதி பூசியிருந்தார்கள். ஓடுகிற மோட்டார் காரணமில்லாமல் நிற்காது என்று படித்தவன் அவன். இங்கே காரணம் சொல்ல ஆளில்லை. அழுகையும் வரவில்லை.

அப்பா மயில்வாகனம் ஒரு காலத்தில் தெருவுக்கே வாழ்த்துப்பா எழுதியவர். அவர் பாட்டை அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டாத கல்யாண வீடு கிடையாது. 1961-இல், தணிகாசலத்தின் கல்யாணத்தோடு அது நின்றது. தாலி கட்டிய மாதமே மாப்பிள்ளை செத்துப்போனான். ஜன்னி என்றார்கள் அவன் வீட்டார். பாட்டில் ‘அறும்’ என்றொரு சொல் இருந்ததை யாரோ தோண்டி எடுத்தார்கள். தாலிக்கயிறு அறுந்தால்கூடப் ‘பெருகிவிட்டது’ என்று சொல்கிற ஊர். மங்கலப் பாட்டில் அப்படியொரு சொல் விழுந்தால் ஆளை வாங்கிவிடும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பார்கள். “வந்து சிரமப்படாதீங்க” என்பார்கள். டீக்கடையில் கேலி வேறு.

“யோவ் மயிலு, என் பேரை மட்டும் பாட்டுல வெச்சிடாதே. பொண்டாட்டிக்குச் சின்ன வயசு.”

அவர் சிரித்துவிட்டுத் தறிக்குப் போவார். அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை.

சங்கு ஓய்ந்த நேரம் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தணிகாசலத்தின் மனைவி வடிவாம்பாள். அந்த வீட்டுப் படியை அவள் மிதித்ததே இல்லை. ஒப்பாரி வைக்கப் போகிறாள் என்று பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் கல்யாணப் பாட்டைச் சொன்னாள்.

“நூலும் நூலும் சேர்ந்ததென் பார்கள்;
நூலெனில் அறுமே, அதைநான் சொல்லேன்.
காற்றில் தாழை கலந்தது கண்டேன்;
காற்றைப் பிடித்தவர் பிரிக்கட்டும் மணத்தை.”

உமாபதியின் சித்தப்பா பஞ்சாட்சரம் பாய்ந்து வந்தார்.

“நிறுத்துமா! பொணத்துக்கு முன்னாடி கல்யாணப் பாட்டா? அதுவும் இந்தப் பாட்டா? புருஷனை வாங்கினது போதாதா?”

“பாட்டு வாங்கலைங்க. நாய் வாங்குச்சு.”

வடிவாம்பாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி, திருப்பருத்திக்குன்றம் போய்க்கினு இருந்தப்போ வெறிநாய் கடிச்சிருக்குது. முகூர்த்தம் நின்னுடும்னு மூடிட்டாங்க. அப்புறம் தண்ணியைக் கண்டாலே கத்தினாரு. கதவைச் சாத்தி வெச்சாங்க. பழியைத் தூக்கிப் பாட்டு மேல போட்டாங்க. இந்த நாலு வரியைச் சொல்லிக்கினுதான் நான் உசுரோட இருக்கறேன்.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றான் உமாபதி.

“சொன்னேன்பா. அந்த வருஷமே, கோயில் குளத்தாண்ட. ‘நீ அந்த ஊட்டுலதான் சோறு துன்னணும். வெளிய தெரிஞ்சா உன்னைத் தொரத்திடுவாங்க. பழி பாட்டு மேலயே இருக்கட்டும்மா’ன்னாரு. போன மாசம் மாமியாரும் போயிட்டாங்க. இனிமே எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம்னு இருந்தேன்.” அவர் முகத்தைப் பார்த்தாள். “முந்திக்கினாரு.”

அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டீக்கடையில் சிரித்திருக்கிறார்.

பாடை கட்டியவர்கள் தூக்க வந்தார்கள். உமாபதி கையைக் காட்டி நிறுத்தினான்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. எனக்குப் பாடமில்லை.”

அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். மூன்றாவது வரியில் அவன் உடைந்தான். அவளாலும் மேலே சொல்ல முடியவில்லை.

நாலாவது வரியை எடுத்துக் கொடுத்தவர் பஞ்சாட்சரம்.