அழுகை வருது என்றொரு மார்க்

யாராவது ஒரு பாட்டைப் போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் இன்றைக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நழுவிவிடுவேன். சின்ன வயதில் நான் அப்படி இல்லை.

அப்பா மந்தைவெளியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். கிழிந்த காமிக்ஸ், அட்டை போன சிறுவர் புத்தகம், கீறல் விழுந்த பாட்டு சி.டி. என்று எது வந்தாலும் முதலாளியிடம் கேட்டு எனக்குக் கொண்டுவருவார். பிற்பாடு நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன் என்றாலும், அப்போது மார்க் போடுவதில் எந்த டீச்சரும் என்னிடம் நிற்க முடியாது. முகமூடிக்காரன் காமிக்ஸ் சுமார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே குத்து. பேசுகிற முயல் கதை தலைவலி. அந்த முயல் வாயைத் திறந்தாலே புத்திமதி. குதிரை செத்துப்போகிற காமிக்ஸ் ஒன்றுக்கு மட்டும் "அழுகை வருது" என்று போட்டிருந்தேன். அதுதான் என்னிடம் உச்ச மார்க்.

அந்த மார்க்கைக் கற்றது மாமாவிடம். அம்மாவின் தம்பி. சாவு வீடுகளில் கானா பாடுவார். வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மொத்த ஜனமும் அழுதுகினு கீது, பாப்பா" என்பார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சாந்தோம் பக்கம் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மாமா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாதான், "சாவு வூட்ல பாடுறவனுக்கு எப்டிமா பொண்ணு குடுக்கறது?" என்று இழுத்தார். மாமா சாவுக்குப் போவதை நிறுத்தினார். பிறந்தநாள், வளைகாப்பு, கல்யாணம் என்று நல்ல காரியப் பாட்டாகவே பாடி ஒரு சி.டி. போட்டார். அதைக் கேட்டு முடிவு சொல்வதாகப் பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் கால்வாய் ஓரத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணுக்கென்று தனியாக ஒரு சி.டி.யை உறையில் போட்டு மாமா ஜன்னலில் வைத்திருந்தார்.

முதல் பாட்டு பிறந்தநாள் பாட்டு. பெண்ணின் அப்பா முழங்காலில் விரலால் தாளம் போட்டார். என் அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றுவிடுமோ என்று நானும் அதையே பார்த்தேன். மாமா கதவோரம் நின்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. விரல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா பாப்பா, நீ எல்லாத்துக்கும் மார்க் போடுவியாமே. உங்க மாமாக்கு எவ்ளோ?"

மாமா என்னைப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய மார்க்காகக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது.

"அழுகை வருது" என்றேன்.

விரல் நின்றது.

"பொறந்தநாள் பாட்டுக்கா?" என்று சிரித்தார் அண்ணன்காரர். அவர் அப்பா சிரிக்கவில்லை. பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வந்திருந்தது. அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

"கொயந்த வாயிலயே வந்துடுச்சு" என்று பெண்ணின் அப்பா மெதுவாக எழுந்தார். "நல்லது பேச வந்த எடத்துல... சரி. சொல்லி அனுப்பறோம்."

அவர்களுக்கு வாங்கிய கலர் சோடா பாட்டில்கள் மூன்றும் அப்படியே இருந்தன. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"வுடுக்கா. கரெக்டாத்தான் சொல்லிக்கீது" என்றார் மாமா. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "எந்த எடத்துல வந்துச்சு?"

மெழுகுவத்தி அணைகிற வரியைச் சொன்னேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அப்புறம் ஜன்னலில் இருந்த சி.டி.யை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீயே வெச்சிக்கோ."

எனக்குப் பரிசு கிடைத்த பெருமை. உறையின்மேல் பேனாவால் சுற்றிலும் பூப்போட்டு, நடுவில் 'தேன்மொழி' என்று எழுதியிருந்தது. ஆல்பத்தின் பேர்போல என்று நினைத்து அதற்கும் மார்க் போட்டேன்.

"பாட்டு சூப்பர் மாமா. பேருதான் சுமார். வேற வெச்சிருக்கலாம்."

"இதுக்கு வேற பேரு வராது, பாப்பா" என்றார்.

மாமா பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டு, அதைக் குதிரை காமிக்ஸுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.